சாக்பீஸ் கோடு இரண்டான கதை: புரை அறுவைக்குப் பின் ஓர் இரட்டைப் பார்வை

இடது கண் 6/6. வலது கண் 6/12, புரை ஆரம்பம். இடது கண்ணில் லென்ஸ் சரியான இடத்தில் இருக்கிறது. மூளை எம்.ஆர்.ஐ.யில் கோளாறு இல்லை. புகார்: இரண்டிரண்டாகத் தெரிகிறது.

எங்கள் மாறுகண் பிரிவுக்கு அவர் கொண்டுவந்த சீட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. அறுபத்திரண்டு வயது. திண்டுக்கல் பக்கம் சொந்தமாகத் தையல் கடை. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது. பொங்கல் முடிந்த கையோடு வேறொரு மருத்துவமனையில் இடது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள். எங்களிடம் வந்தது சித்திரையில். மகள் கூட வந்திருந்தார். நோயாளியின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

6/6 என்றால் முழுப் பார்வை, இடது கண்ணில் அது வந்துவிட்டது என்றால் அறுவை வெற்றி. பலகையில் கடைசிக்கு முந்தைய வரிவரை தடங்கல் இல்லாமல் படித்தார். ஆனால் அந்தப் பலகையை நாம் படிக்கச் சொல்வது ஒரு கண்ணை மூடிக்கொண்டு. அவர் துணி வெட்டுவது இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு. மூன்று மாதமாக ஒவ்வொரு பரிசோதனையிலும் தேறிவிட்டு ஒரு ஜாக்கெட்கூடத் தைக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்ததற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு கண்ணை மூடினால் இரட்டை போகிறதா, போகவில்லையா? இதற்குக் கருவி வேண்டாம், உள்ளங்கை போதும். ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகத் தெரிந்தால் கோளாறு திறந்திருக்கிற கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. லென்ஸ் நகர்ந்திருக்கலாம், கீறலால் சிலிண்டர் பவர் ஏறியிருக்கலாம், லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கியிருக்கலாம், கண் வறண்டிருக்கலாம். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிடுகிறது என்றால் கண்கள் தனித்தனியே நன்றாக இருக்கின்றன, இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. இவருக்கு எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றுதான் தெரிந்தது.

"எப்படித் தெரியுதுன்னு சொல்லுங்கய்யா, பக்கத்துல பக்கத்துலயா, மேலயும் கீழயுமா?"

"சொல்றதைவிடக் காட்டிடறேன் டாக்டரம்மா" என்று சட்டைப் பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தார். மகள் வைத்திருந்த நீலத் துணிப்பையை மேசையில் விரித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நேராக ஒரு கோடு போட்டார். அதன் மேல் ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு கோடு. அந்த மேல்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கி, கீழ்க்கோட்டை நோக்கிச் சரிந்திருந்தது. "கீழ இருக்கறது நேரா இருக்கு. மேல இருக்கறதுதான் கோணல். அது ஆபரேஷன் செஞ்ச கண்ணுது, மூடிப் பார்த்துட்டேன். கோணல் கோட்டுல வெட்டினா துணி போச்சு."

நாற்பது வருடம் நேர்கோட்டில் வெட்டிப் பழகிய கண். ஐந்து டிகிரி சாய்வை நாங்கள் சிவப்புக் கண்ணாடி மாட்டிக் கேட்டால் பலருக்குச் சொல்லவே வராது. இவர் கேட்காமலே வரைந்து காட்டினார்.

இரண்டு கண்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று, ஒளியை வளைக்கும் ஆப்பு வடிவக் கண்ணாடியான பிரிசம் வைத்து அளந்தோம். அந்த விலகலின் அலகு பிரிசம் டயாப்டர். நேராகப் பார்க்கும்போது வலது கண் இடது கண்ணைவிட 8 பிரிசம் டயாப்டர் உயர்ந்திருந்தது. இடப்பக்கம் பார்த்தால் 12, வலப்பக்கம் பார்த்தால் 4. மேலே பார்த்தால் வெறும் 2, கீழே படிக்கிற நிலையில் 14. சாலையில் நடக்கும்போது ஓரளவு சமாளித்தவர் வெட்டு மேசைக்கு முன்னால் குனிந்ததும் தோற்றுப்போனதன் காரணம் இந்த எண்களிலேயே இருந்தது. தைப்பது, வெட்டுவது, ஊசி கோர்ப்பது, காஜா எடுப்பது, படி இறங்குவது எல்லாம் கீழ்ப் பார்வை வேலை.

வலது கண் உயர்வு, இடப்பக்கமும் கீழேயும் பார்த்தால் அதிகம். கண் மருத்துவம் படித்த யாருக்கும் இதைப் பார்த்ததும் வலது கண்ணின் நான்காம் கபால நரம்புதான் நினைவுக்கு வரும். அந்த நரம்பு இயக்கும் மேல்சாய்தசை பலவீனமானால் படம் இதே மாதிரிதான் இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு அந்த நரம்பு திடீரென்று செயலிழப்பதும் நடக்கக்கூடியதே. அதனால்தான் முன்பு பார்த்த மருத்துவர் மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் அதற்குள் "பக்கவாதம் வரப்போகுது" என்ற பயம் புகுந்துவிட்டது. மகள் அவரைத் தனியாக வெளியே விடுவதில்லை.

சந்தேகம் வலது கண் மேல் விழுந்திருந்தது. கத்தி பட்டதோ இடது கண்.

நான்காம் நரம்பு என்று முடிவு கட்டுவதற்குள் இன்னொரு படி இருக்கிறது: தலையைச் சாய்த்துப் பார்ப்பது. வலது நான்காம் நரம்புதான் காரணம் என்றால் தலையை வலது தோள்பக்கம் சாய்த்தால் அளவு நன்றாகக் கூட வேண்டும். இவருக்கு வலப்பக்கம் 9, இடப்பக்கம் 8. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். அடுத்து, பழைய படங்கள். பிறவியிலேயே இந்த நரம்பு பலவீனமாக இருந்து, புரை எடுத்த பிறகு அது வெளிப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் சின்ன வயதுப் படங்களிலிருந்தே தலையை ஒருபக்கம் சாய்த்தபடி இருப்பார்கள். மகள் கைப்பேசியில் வைத்திருந்த கல்யாணப் படத்தில் அவர் தலை நேராக நின்றது. மேலும் கீழுமாக விலகிய இரண்டு பிம்பங்களை இழுத்துச் சேர்க்கும் சக்தியும் அப்படிப்பட்டவர்களுக்கு அதிகம் இருக்கும். இவருக்கு அது எல்லாரையும் போல 3 டயாப்டருக்குள்தான் இருந்தது. ஆக, பழசு இல்லை.

அப்புறம் விழித்திரையைப் பார்த்தேன். கண் தன் அச்சில் சுழன்றிருந்தால் அதற்கு நோயாளியின் வாக்குமூலம் தேவையில்லை, விழித்திரையே சொல்லிவிடும். பார்வை நரம்பின் வட்டத்தை வைத்துப் பார்த்தால் பார்வை மையம் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. வலது கண்ணில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இடது கண்ணில் வட்டத்தின் கீழ் விளிம்பையும் தாண்டி இறங்கியிருந்தது. அதாவது வெளிப்புறமாகச் சுழன்றிருந்தது இடது கண். வலது கண் உயரவில்லை, இடது கண் தாழ்ந்திருக்கிறது. கண்ணைக் கீழே இழுத்து வெளிப்புறம் சுழற்றுகிற தசை ஒன்று உண்டு, கீழ்நேர்த்தசை. இடது கண்ணில் அந்தத் தசை அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டிருந்தது.

ஏன் இழுக்கிறது என்பதற்கான விடையும் அவரிடமேதான் இருந்தது. யாரும் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆரம்பத்துலருந்தே அந்தக் கோணல் கோடு மேலதான் இருந்துச்சாய்யா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்லம்மா. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு அது கீழ இருந்துச்சு. ஊசி மருந்து எறங்கினா சரியாயிரும்னாங்க. ரெண்டு மூணு வாரம் கீழயேதான் கெடந்துச்சு. நடுவுல ஒரு வாரம் ஒண்ணாத் தெரிஞ்சுச்சு, சரியாயிருச்சுன்னு மிஷின்ல உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் மேலருந்து வர ஆரம்பிச்சுது."

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோளாறின் மொத்தச் சரித்திரமும் இந்த நான்கு வரியில் இருக்கிறது. எந்த ஸ்கேனும் இதைச் சொல்லியிருக்காது.

அவருக்குச் செய்தது தையல் போடாத சிறுகீறல் அறுவை. சுமார் 6 மில்லிமீட்டர் கீறல் வழியாகப் புரையை முழுசாக வெளியே எடுத்து லென்ஸ் வைப்பார்கள். செலவு குறைவு, முற்றிய புரைக்கும் ஏற்றது, நம் ஊரில் லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை தந்திருக்கிற முறை. இதற்குக் கண் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். ஊசி பெரும்பாலும் கண்ணின் கீழ், வெளி ஓரத்து வழியாக உள்ளே போகும். அந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே கண்ணின் அடியில் படுத்திருக்கிறது கீழ்நேர்த்தசை. போடுகிறவர் கண்ணுக்கு அந்தத் தசை தெரியாது, விரலின் அனுபவத்தில்தான் போடுகிறார்.

லிக்னோகெயினும் பியூபிவகெயினும் நரம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்துகள். தசையைச் சுற்றிப் பரவினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தசைக்குள்ளேயே செறிவாக இறங்கினால் அவை தசை நார்களுக்கு விஷம். மருந்து தேங்காமல் பரவுவதற்காக ஹையலூரோனிடேஸ் என்ற நொதியைச் சேர்ப்பது வழக்கம். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அந்த நொதி கிடைக்காமல் போனபோது, ஊசிக்குப் பிறகு இரட்டைப் பார்வையோடு நோயாளிகள் கூட்டாக வரத் தொடங்கியதை 1999இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாதாரணமாகச் சேர்க்கிற ஒரு பொருள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது, அது இல்லாதபோதுதான் தெரிந்தது.

அடிபட்ட தசை முதலில் சோர்ந்துபோகும். கண்ணைக் கீழே இழுக்க ஆளில்லாததால் கண் உயரும். உயர்ந்த கண்ணின் பிம்பம் கீழே தெரியும், அதுதான் அவருடைய முதல் மூன்று வாரம். பிறகு தசை ஆறத் தொடங்கும். ஆறும்போது ஒரு பகுதி தழும்பாகிச் சுருங்கும். சுருங்கச் சுருங்கக் கண் இறங்கும். உயர்விலிருந்து தாழ்வுக்குப் போகிற வழியில் ஏதோ ஒரு வாரம் கண் சமநிலையைக் கடந்துதானே ஆக வேண்டும்? அந்த வாரம்தான் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தது. அறுவை செய்த மருத்துவமனையில் ஒரு மாதப் பரிசோதனை சரியாக அந்த வாரத்தில் விழுந்திருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள், "பரவாயில்லை" என்றிருக்கிறார். சீட்டில் "புகார் இல்லை" என்று ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை.

சுருங்கிய தசை கண்ணை மேலே போகவிடாமல் கட்டிப் போடுவதுதான் அதிகம் பேசப்படும் வகை. அப்படியானால் மேலே பார்க்கும்போது இரட்டை கூடும். தசையின் ஒரு துண்டு மட்டும் சுருங்கி மீதி உயிரோடு இருந்தால், தசை இறுக்கிக் கட்டிய நாண் போல ஆகிக் கூடுதல் பலத்தோடு இழுக்கும். அப்போது கீழே பார்க்கும்போதுதான் இரட்டை கூடும். இவருக்கு நடந்தது இரண்டாவது வகை. இதுதான் எதிர்க்கண்ணின் நான்காம் நரம்புக் கோளாறு போல வேடம் போடும், ஏமாறுவது சுலபம். சொட்டு மருந்து விட்டு இடுக்கியால் கண்ணை மேலே தள்ளிப் பார்த்தபோது லேசான பிடிப்பு கையில் தெரிந்தது.

கீழ்நேர்த்தசை என்றதும் தைராய்டையும் விடக்கூடாது. தைராய்டு கண்நோய் அதிகமாகப் பிடிப்பது இதே தசையைத்தான். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது, கண் பிதுங்கவில்லை, இமை மேலேறவில்லை. சாயங்காலம் அதிகமாகிறதா, இமை தொங்குகிறதா என்று கேட்டு, தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் மையஸ்தீனியா நோயையும் ஒதுக்கினோம். கண்குழிக்கு இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று மகள் கேட்டார். எடுத்தால் அந்தத் தசையில் ஒரு தடிப்பு தெரிந்திருக்கலாம். ஆனால் சிகிச்சை அதனால் மாறப்போவதில்லை, வருமானம் இல்லாத வீட்டில் அந்தச் செலவை நான் ஏற்றவில்லை.

அவர்கள் இருவரிடமும் முதலில் சொன்னது: இது பக்கவாதம் இல்லை, மூளைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மகள் அங்கேயே அழுதுவிட்டார். அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். "அப்ப தப்பு யார் மேலம்மா?" அரிதாக நடக்கிற சிக்கல் இது, திறமையான கையிலும் நடக்கும் என்றேன். அது உண்மை. ஆனால் இரட்டையாகத் தெரிகிறது என்று மூன்று முறை சொன்ன மனிதரிடம் பலகையைக் காட்டி "கண் நல்லா இருக்கு" என்று அனுப்பியது சிக்கல் இல்லை, கவனக்குறைவு. அதையும் அவரிடம் மறைக்கவில்லை.

தசை இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போது கத்தி வைக்கக் கூடாது. அதுவரை ஃப்ரெனல் பிரிசம் கொடுத்தோம். மெல்லிய பிளாஸ்டிக் தாள், வரிவரியாக இருக்கும், கண்ணாடி மேல் தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொள்ளலாம். பிரிசத்தின் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி இடது கண்ணாடியில் ஒட்டினால் மேலே இருக்கிற பிம்பம் கீழே இறங்கிச் சேரும். படிக்கிற பகுதிக்கு 12 டயாப்டர் வைத்தோம். கோடுகள் நெருங்கின, ஒன்றாகவில்லை. காரணம் அந்தச் சாய்வு. பிரிசம் பிம்பத்தை இடம் மாற்றும், திருப்பாது. போதாததற்கு அந்த வரிகளால் பார்வை கொஞ்சம் மங்கும். "படிக்கட்டு எறங்கலாம், ஊசி கோர்க்க முடியல" என்றார். அது போதவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டும் ஒன்றாக இருந்த பிறகு, புரை அறுவை நடந்து ஏழாம் மாதம், ஆவணியில் தேதி குறித்தோம். தீபாவளி தைப்புக்குத் தயாராகிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அவருக்கு ஒரே நிபந்தனை: "அந்த ஊசி மட்டும் வேணாம்." எனக்கும் அதே எண்ணம்தான். முழு மயக்கம் கொடுத்துச் செய்தோம்.

இடது கீழ்நேர்த்தசையைக் கண்ணிலிருந்து பிரித்து 3 மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைத்தோம். தசையைப் பிரிக்கும்போது அதன் அடிப்பகுதி வெளிறி, விறைப்பாக இருந்தது. ஆரோக்கியமான தசைக்கு இருக்கிற சிவப்பும் நெகிழ்வும் அங்கே இல்லை. இந்தத் தசை கீழ் இமையோடு இணைந்தது, அந்த இணைப்பை நன்றாக விடுவிக்காமல் தசையைத் தள்ளினால் இமை கீழே இறங்கிக் கண்ணின் வெள்ளை தெரியும். அதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டோம். தையலை இழுத்துச் சரிசெய்யும்படியான முடிச்சு போட்டு, அன்று சாயங்காலம் மயக்கம் முழுக்கத் தெளிந்த பிறகு உட்கார வைத்து அளந்தோம். வலது கண் இன்னும் 3 டயாப்டர் உயரம். முடிச்சை இன்னும் கொஞ்சம் தளர்த்தினால் அன்றைக்கே பூஜ்யமாக்கியிருக்கலாம். நான் செய்யவில்லை. கீழ்நேர்த்தசையைத் தள்ளினால் அடுத்த சில வாரங்களில் அது தானாகவே இன்னும் கொஞ்சம் நழுவி எதிர்ப்பக்கம் போய்விடுவது உண்டு. கொஞ்சம் குறைவாக நிறுத்துவதே இந்தத் தசையில் பாதுகாப்பு. பயிற்சி மருத்துவர்களுக்கு இது கஞ்சத்தனமாகப் பட்டது. ஆறாம் வாரம் நேர்ப்பார்வையில் 1, படிக்கிற நிலையில் 3 என்று வந்து நின்றது. சாய்வு இல்லை. கிட்டப்பார்வைக் கண்ணாடியிலேயே 2 டயாப்டர் பிரிசத்தை அரைத்துச் சேர்த்துக் கொடுத்தோம்.

ஐப்பசியில் அவர் வரவில்லை, மகள்தான் தொலைபேசியில் பேசினார். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது.

வலது கண் புரை பாக்கி இருந்தது. அந்தக் கண்ணுக்கு மறுபடியும் வந்தபோது அவருக்குக் கை நடுங்கியது, எனக்குப் புரிந்தது. புரை இன்னும் முற்றவில்லை என்பதால் அல்ட்ராசவுண்ட் அலையால் உடைத்து எடுக்கும் முறை பொருந்தியது, அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967இல் கொண்டுவந்த முறை. கீறல் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. சொட்டு மருந்திலேயே செய்துவிடலாம், ஊசி தேவையில்லை. கண் அறுவைக்கு மரத்துப்போகும் மருந்தாக முதன்முதலில் வந்ததே சொட்டுதான். 1884இல் கார்ல் கோலர் என்ற மருத்துவர் கொக்கெயின் கரைசலைச் சொட்டாக விட்டுக் காட்டினார். ஊசியெல்லாம் அதற்குப் பிறகு. இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப முன்னாடியே சொட்டு இருந்துச்சா?" என்று கேட்டார். எல்லாக் கண்ணுக்கும் அது ஒத்துவராது, முற்றிய புரைக்கும் அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் ஊசிதான் நல்லது என்று விளக்கினேன். தலையாட்டினார், முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

வலது கண் அறுவைக்கு முன்பே இரண்டு கண்களின் ஒத்துழைப்பையும் அளந்து சீட்டில் எழுதி வைத்தோம். ஒரு கண்ணை மாற்றி மாற்றி மறைத்துப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகும். இதை எங்கள் பிரிவுக்கு வெளியேயும் புரை அறுவைக்கு வரும் எல்லாருக்கும் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டம் அதிகம் என்கிறார்கள். ஒரு நிமிடம்தான்.

அறுவை சிக்கல் இல்லாமல் முடிந்தது. ஒரு மாதம் கழித்து இரண்டு கண்ணும் 6/6. இந்த முறை இரண்டையும் திறந்து வைத்தே கேட்டேன். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வெட்டு மேசையில் ஒன்று. மிஷினில் உட்கார்ந்துகொண்டு இடப்பக்கமாக ரொம்பக் கீழே, கால்பலகை வரைக்கும் கண்ணை இறக்கினால் மட்டும் இன்னும் இரண்டாகத் தெரிகிறது என்றார். அதற்கு ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

"அதை எதுக்கும்மா பார்க்கணும்? அது இருக்கற எடம் காலுக்குத் தெரியும்" என்று எழுந்துகொண்டார்.